மூன்றாவது வரியில் என் பெயர்

டிசம்பர் 3, 2008
என் பெயர் எபிஃபானியோ. நானே எழுதினேன்! அறுபத்தெட்டு வயதில்!
இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம். ஏணிப்படி இறங்க முடியாது. மாடியறை, ஒரு சன்னல், டி.வி., நான் நடித்த பழைய சண்டைப்படக் கேசட்டுகள். மகள் மாரிவிக் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

டிசம்பர் 9
இத்தனை வருடம் அட்டையில் கதாநாயகனின் மீசையைப் பார்த்துத்தான் கேசட்டை அடையாளம் கண்டேன். இப்போது பெயரைப் படித்து அடுக்குகிறேன். எல்லாப் படத்திலும் நான் வில்லனின் அடியாள், சாகிறேன். ஒன்றில் இரண்டு தடவை, தொப்பி மாற்றி.

டிசம்பர் 14
நான் ஜீப்னி பஸ் கூரையிலிருந்து குதித்த படத்தைக் காணோம். அதில் மட்டும்தான் முடிவில் ஓடும் பட்டியலில் என் பெயர் வரும், மூன்றாவது வரியில். ஒவ்வொரு ஜனவரியும் திருவிழாச் சாப்பாடு முடிந்ததும் அதைப் போடுவோம். என் மனைவி பெலிசா படத்தை நிறுத்தி, பெயரை உரக்கப் படிப்பாள். தெருவே கைதட்டும். அவள் இறந்தபின் மாரிவிக் படித்தாள். இந்த முறை நான்.
“அது பூஞ்சை பிடிச்சுப் போச்சுப்பா, விடுங்க” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

டிசம்பர் 20
சன்னல். அதே மின்கம்பி.

ஜனவரி 6
வெள்ளத்துக்குப் பயந்து அரிசி டிரம்மை என் அறையில் வைத்திருக்கிறோம். அரிசி அளக்க உள்ளே கையை விட்டேன். அந்த ஜீப்னிப் படக் கேசட்!
போட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரியில் வேறு யாரோ. எந்த வரியிலும் நான் இல்லை. கடைசியில் ‘மற்றும் பலர்’.
பெலிசா, என்னத்தடி வாசிச்ச நீ? தெருவுல எல்லாருக்கும் படிக்கத் தெரியுமே — எல்லாருமா? இருபது வருஷமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போய் ஒளியறது?

ஜனவரி 7
கேட்டேன். மாரிவிக் அழுதாள். “முதல் தடவை உங்க முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு உங்க பேர் இல்லைன்னு சொல்ல வாய் வரலை. அப்புறம் வீடு வீடாப் போய் சொல்லி வெச்சாங்க.”
“அப்ப எனக்கு எதுக்குடி எழுத்துச் சொல்லிக்கொடுத்த?”
“சன்னலையே பார்த்துட்டு உக்காந்திருந்தீங்களேப்பா.”

ஜனவரி 12
திருவிழாவுக்கு யாரும் வர வேண்டாம் என்றேன்.

ஜனவரி 18
திருவிழா அன்று யார் வந்தாலும் சோறு போட்டாக வேண்டும். கதவை எப்படிச் சாத்துவது? பன்சிட் நூடுல்ஸ் தட்டோடு மாடியில் முப்பது பேர். படத்தைப் போட்டோம். பக்கத்து வீட்டு டினோய் கத்தினான்: “அண்ணே, சீக்கிரம் சாவுங்க, எனக்கு வேலை இருக்கு!”
படம் முடிந்தது. மாரிவிக் நிறுத்தி, படிக்க வாய் திறந்தாள். “இருடி” என்றேன். கண்ணாடியை மாட்டினேன். கடைசி வரியில் விரல் வைத்து எழுத்துக்கூட்டினேன்: “மற்றும்... பலர்.”
டினோய் தரையைப் பார்த்தான்.
“அந்தப் பலர்ல நடுவுல நிக்கறவன் நான்தான்டா!”
டினோய்தான் முதலில் கைதட்டினான். அப்புறம் பலகைத் தரையே அதிர்ந்தது. “ஊர்வலம் வருது, வாங்கண்ணே. குதிச்சிடாதீங்க, நாங்க இறக்கறோம்.” நான்கு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள்.
இதைத் தெருவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.