பிஸ்கட் டின்னில் இருந்த கடிதம்

செவ்வாய், இரவு 11

வழக்கில் வென்றுவிட்டோம். எங்கள் மதில் விழுந்ததற்குப் பக்கத்துக் காணிக்காரரே பொறுப்பு என்று நீதிபதி சொல்லிவிட்டார். அவருக்கு அத்திவாரம் வெட்டிய கொந்திராத்துக்காரரில் பிழையில்லையாம். அந்த ஆளையும் வழக்கில் இழுத்ததால் அவருடைய லோயர் செலவு இப்போது எங்கள் தலையில்.

"அதையும் காணிக்காரரையே கட்டச் சொல்லிக் கேக்கலாம்," என்றார் லோயர். "கொந்திராத்துக்காரரிலதான் பிழை எண்டு அவர் உங்களுக்கு எழுதினவரெல்லோ? அதாலதானே ரெண்டு பேரிலயும் வழக்குப் போட்டனாங்கள். அந்தக் கடிதத்தை நாளைக்குக் கொண்டு வாங்கோ."

அன்றைக்கு வாசித்துவிட்டு, "பத்திரமா வையுங்கோ" என்று திருப்பித் தந்த மனுசன். தானே வைத்திருக்கக் கூடாதா?

யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி எழுதிய கடிதங்களோடு அதையும் பிஸ்கட் டின்னில் வைத்தேன். போன மாதம் வெள்ளவத்தையில் ஆமி வீடு வீடாகச் சோதனை போட்டபோது, யாழ்ப்பாணக் கடிதங்களைக் கண்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் ஒன்றையும் பிரித்துப் பாராமல் எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டினேன். என் கணவர் அப்போது கந்தோரில் வேலையில். இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

சற்று முன் அலுமாரியைக் கிண்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "பயப்பிடாதையும். நீர் ஒரு துண்டுக் கடதாசியும் எறியிற ஆளில்லை. இஞ்சைதான் எங்கையும் இருக்கும்."

நானும் பக்கத்தில் குந்தியிருந்து கீழ்த்தட்டில் தேடினேன்.