மெயின் சுவிட்ச் பக்கம் ஓர் ஆள்

கடலூர் முதுநகர்,
மார்ச் 14.

அன்புள்ள தம்பி இளவரசுக்கு,

அக்கா பவானி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நீயும் ஜாம்நகர் வெயிலில் வதங்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசலாம் என்றால் உன் மாமா பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸப்பில் அனுப்பினால் என் போனை எடுத்து நோண்டுகிறவரும் அவர்தான். மஞ்சக்குப்பம் போகிற சாக்கில் நானே இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். பதிலை என் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் போடு. என் கையெழுத்தில்லாமல் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். உன் மாமா என்னிடம் எதையோ மறைக்கிறார்.

கேஸ் சிலிண்டரைக்கூட எடை போட்டுத்தான் வாங்குகிறவள் நான், எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நீ சின்ன வயதிலிருந்தே கேலி செய்வாய். இந்தத் தடவை கேலி வேண்டாம். முழுசாகப் படி.

நீயும் அவரும் சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கி வந்த சாமான்களை வைத்து ஒரு லீனியர் கட்டினீர்களே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன். உங்களுக்கு அது லீனியர். எனக்கு அது, ரேடியோவில் பேசுகிற பேச்சைப் பெருக்கி ஜாம்நகர் வரைக்கும் தள்ளிவிடுகிற இரும்புப் பெட்டி. மேல் பெட்டியில் ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு வால்வு. கீழ்ப் பெட்டியில் அம்மிக்கல் கனத்துக்கு ட்ரான்ஸ்பார்மர். மூடியைத் திறந்து தெரியாமல் தொட்டால் ஆளை முடித்துவிடுகிற கரண்ட். தனியாகத் திறக்கவே கூடாது என்று சட்டம் போட்டவன் நீதான். ஓர் ஆள் ரேடியோ அறையின் மெயின் சுவிட்ச் பக்கம் நிற்க வேண்டும். அதை இறக்கிவிட்டு "ஆஃப்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவரும் "ஆஃப்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, பிவிசி பைப்பில் கொக்கி வைத்த அந்தக் குச்சியை உள்ளே விட்டு, தங்கியிருக்கிற கரண்டை இறக்குவார். அதற்கப்புறம்தான் கை. நம் ஊர் உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற பித்தளையெல்லாம் பச்சை பூத்துவிடும் என்பதால் அடிக்கடி திறந்து துடைத்தாக வேண்டும். இத்தனை வருஷமும் சுவிட்ச் பக்கம் நின்ற ஆள் நான். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போய் நிற்பேன்.

பொங்கலுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ஆனால் குப்பைக் கூடையில் பச்சைக் கறையோடு ஸ்பிரிட் பஞ்சு கிடக்கிறது. ஒன்று தனியாகத் திறக்கிறார், இல்லையென்றால் என் இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

இன்னும் கேள். சாயங்காலம் ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். சாமி மாடத்து ஜீரோ வாட் பல்பு அவர் பேசும்போதெல்லாம் மங்கி மங்கி எரியும், உனக்குத் தெரியும். அது இப்போதும் மங்குகிறது. அப்படியென்றால் லீனியர் ஓடுகிறது. ஆனால் பக்கத்து வீட்டு வேலம்மாள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "உங்க வூட்டுக்காரரு கொரலு இப்பல்லாம் எங்க ஸ்பீக்கர்ல வர்றதே இல்லக்கா, நிம்மதியா பாட்டு கேக்குறோம்" என்கிறாள். போன வாரம் திருவதிகையில் ஒரு கல்யாணத்தில் சிதம்பரம் சபாபதியின் மனைவி மாலதியைப் பார்த்தேன். சபாபதியும் ரேடியோக்காரர், உன் மாமாவோடு தினமும் பேசிக்கொண்டிருந்தவர். "அண்ணன் லைனுக்கு வந்தே ரொம்ப நாளாச்சே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். சனிக்கிழமை தவறாமல் சபாபதி வீட்டுக்கு என்றுதான் சிதம்பரம் பஸ் ஏறுகிறார். மாலதியோ, அவர் வாசலையே மிதிக்கவில்லை என்கிறாள்.

வீட்டில் எந்நேரமும் காதில் ஹெட்போன். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஏன் என்றால் ஹெட்போனைத் தொட்டுக் காட்டுகிறார். போன் வந்தால் எடுப்பதில்லை, டைப் அடித்துத்தான் பதில். எல்லாவற்றையும்விட மோசம், நான் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார். தேங்காய் விலையைச் சொன்னாலும் ஆட்டுகிறார், அவருடைய தம்பியைத் திட்டினாலும் ஆட்டுகிறார். சண்டையே இல்லை. சண்டை போடாத புருஷனை எப்படி நம்புவது?

நீ படித்தவன், ஒளிக்காமல் சொல். ஊரில் யாருக்கும் கேட்காமல் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ள அந்தப் பெட்டியில் ஏதாவது வழி உண்டா? அவர் குரல் உனக்காவது கேட்கிறதா? யாரோடு பேசுகிறார் என்று தெரிந்துவிட்டால் அவரை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் தனியாகத் திறக்கிறார் என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. சந்தேகம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. மெஸ் சாம்பாரை நம்பாதே.

அன்புடன்,
அக்கா பவானி.


கடலூர் முதுநகர்,
ஏப்ரல் 21.

அன்புள்ள தம்பி,

உன் பதில் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். நீ எழுதியிருந்ததைப் படித்து உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. "ரிசீவர் ரிப்பேர், கொஞ்ச நாள் லைனுக்கு வரமாட்டேன்னு மாமா தை மாசமே மெசேஜ் போட்டாங்க, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்கா" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உன்னிடம் ரிப்பேர் என்கிறார், என்னிடம் தினமும் பேசுகிற மாதிரி காட்டுகிறார். நீயும் அவரோடு கூட்டோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைத்துப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன்.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பதறாமல் படி. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கோடை மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அவர் உள்ளே பேசிக்கொண்டிருந்தார், மாடத்துப் பல்பு மங்கிக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கம் இடி உருண்டது. இடி இடித்தால் ஏரியல் வயரைப் பிடுங்குவது என் வேலை. அவர் திட்டினாலும் பரவாயில்லை என்று வெளியே ஓடி ஜன்னல் வழியாகக் கையை விட்டேன். வயர் ஏற்கெனவே பிடுங்கி ஆணியில் மாட்டியிருந்தது. அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். லீனியரிலிருந்து வேறொரு வயர் போய்க் கீழே இருந்த எண்ணெய் டின்னில் இறங்கியிருந்தது. டம்மி லோடு என்பாயே, அது. சோதனை பார்க்கும்போது பேச்சு வெளியே போகாமல் அந்த எண்ணெயிலேயே சூடாகி அடங்கிவிடும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். பொங்கலிலிருந்து உன் மாமா ஓர் எண்ணெய் டின்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மனசைத் தேற்றிக்கொண்டு நான் உள்ளே வந்து கதவைத் தள்ளக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அந்த அறை லைட் இன்வெர்ட்டரில் எரிகிறதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஹெட்போன் மேஜை மேல் கிடந்தது. அவர் கதவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, கீழ்ப் பெட்டியின் பின் மூடியைக் கழற்றிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக்கொண்டிருந்தார். கரண்ட்தான் இல்லையே என்று மெயின் சுவிட்சையும் இறக்கவில்லை, குச்சியையும் எடுக்கவில்லை.

கரண்ட் வந்துவிட்டது, தம்பி. லைட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ட்ரான்ஸ்பார்மர் உறுமின சத்தம்தான் ஒரே அடையாளம். வாசல் வரைக்கும் கேட்கிற உறுமல். அவர் பஞ்சைப் பிழிந்துகொண்டு கையைக் கொண்டுபோகிறார். "கரண்ட் வந்துடுச்சுங்க" என்று கத்தினேன். திரும்பவில்லை. பாய்ந்து சுவிட்சை இறக்கிவிட்டு "ஆஃப், ஆஃப்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வேலம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாளாம், அவ்வளவு சத்தம். கை போய்க்கொண்டே இருந்தது. உள்ளே கரண்ட் தங்கியிருக்குமே. சட்டைக் காலரைப் பிடித்து என் பலத்தையெல்லாம் சேர்த்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்தோம். பொத்தான் தெறித்துவிட்டது.

எழுந்து என் முகத்தைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். "ஆஃபா?" என்று மெதுவாகக் கேட்டார். ஊருக்கே கேட்கக் கத்தின பிறகு என்னிடம் அப்படிக் கேட்கிறார். தலையாட்டினேன். குச்சியை எடுத்து உள்ளே வைத்தார். யானை வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் துள்ளி விழுந்தேன். அவருக்கு இமைகூட ஆடவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காது போய்விட்டது, தம்பி. முழுசாகப் போய்விட்டது.

மறுநாள் சபாபதிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்கிறீர்களா, இல்லை நேரில் வரட்டுமா என்று கேட்டேன். சொல்லிவிட்டார். ஒரு காது முன்பே மந்தமாம். இன்னொன்று மார்கழிக் காய்ச்சலோடு போய்விட்டதாம். உள்ளூரில் காட்டினால் எனக்குத் தெரிந்துவிடும் என்றுதான் சனிக்கிழமை தோறும் சிதம்பரத்தில் டாக்டரைப் பார்த்திருக்கிறார். நரம்பு சம்பந்தம், மெஷின் வைத்தாலும் ஜாஸ்தி பிரயோஜனம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "ஆசுபத்திரியில பேரு சொல்லிக் கூப்புட்டா அவனுக்குத் தெரியாதும்மா, அதுக்குத்தான் நான் பஸ் ஸ்டாண்டுலேருந்து கூடப் போறேன்" என்றார் சபாபதி. மாலதியிடம் சொன்னால் எனக்கு வந்துவிடும் என்று வீட்டிலும் வாயைத் திறக்கவில்லையாம். எண்ணெய் டின் எதற்கு என்று கேட்டேன். அதையும் சொன்னார்: "மொதல்ல லைன்ல யாராவது இருக்காங்களான்னு கேக்கணும், அப்பறம்தான் பேசணும். கேக்க முடியாதவன் பேசினா, எவனோ ஆபத்துல கூப்புட்டுக்கிட்டு இருக்கறப்ப அவன் மேல ஏறிப் பேசின மாதிரி ஆயிடும்னு சொல்றான். அதான் வெளிய வுட மாட்டேங்கறான்." தானே புயலின்போது ஊரெல்லாம் போன் செத்துக் கிடந்த நேரத்தில், எத்தனை பேர் குரலைக் காதில் வாங்கி அனுப்பின மனுஷன். எனக்குப் போனிலேயே அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். நான் கதவைத் திறந்துகொண்டு போய் அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் நின்றேன். அவருக்குத் தெரியவில்லை. யாரோடு பேசுகிறார் என்று இத்தனை நாள் சந்தேகப்பட்டேனே, உன்னோடுதான் தம்பி. உன் பெயரைச் சொல்லித்தான் அந்த டின்னோடு பேசுகிறார். காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி இருக்கிறது, இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் உனக்குத்தான். கடைசியில், "ஒங்க அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறேன் இளவரசு. இனிமே அவளச் சுவிச்சுப் பக்கம் நிக்கச் சொல்லி என்னா பிரயோஜனம், அவ சொல்றது எனக்கு எங்க கேக்குது?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பொத்தத் தேவையே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இரண்டு பேரும் இன்னும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர் தலையாட்டுகிறார், நானும் தேங்காய் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெட்டி மூடிகளுக்கு மட்டும் பூட்டுப் போட்டுச் சாவியை என் இடுப்பில் வைத்திருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இனி அந்தப் பெட்டி திறக்க வேண்டுமென்றால் நான் சுவிட்சை இறக்கி, அவர் தோளில் கை வைத்து அழுத்தின பிறகுதான் திறக்கும்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, அவர் உடைந்துபோவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நீங்கள் வழக்கமாகப் பேசுகிற அதே நேரத்துக்கு, அதே அலைவரிசையில் உன் ரேடியோவைத் திறந்து வை. நான் ஏரியல் வயரை அவர் கண் முன்னாலேயே மாட்டிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காரப்போகிறேன். ஹெட்போனை நான் எடுத்துக்கொள்வேன். யாராவது பேசிக்கொண்டிருந்தால் கையைக் காட்டி நிறுத்துவேன். லைன் காலியாக இருந்தால் அவர் பேசட்டும். நீ சொல்வதைக் கேட்டு எழுதிக் காட்டுவேன். உங்கள் இங்கிலீஷ் சுருக்கெழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. தமிழில் பேசு, மெதுவாகப் பேசு.

அவர் என்னை முறைத்து எழுப்பிவிடுவாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன். ஆனால் நீ டியூட்டி, சிக்னல் போகிற கண்டிஷன் சரியில்லை என்று எதையாவது சொல்லிவிடாதே. பவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள், எப்படியாவது வந்து சேர். என்னைப் பார்த்துக்கொண்டே அவர் உட்கார்ந்திருப்பார். முதன்முதலாக நான் அதைக் காதில் மாட்டும்போது, உள்ளே வெறும் இரைச்சல் மட்டும் இருந்துவிடக் கூடாது, தம்பி.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் குரலும்.

லைனில் உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா பவானி.