கீழ்ப்படுக்கை இருக்கிறதா என்று கேட்டவர்

ஒசாகா, நிஷினாரி
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலையிலிருந்து மழை

சயோரியின் அப்பாவுக்கு,

யசுயோ எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? மழைக்கு முன்னால் கூரையின் அந்த மூலையைப் பார்த்தீர்களா? பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கக் கூடாதா என்பீர்கள். கூப்பிட்டால் "ம்" என்பீர்கள். நான் இன்னொன்று சொன்னால் இன்னொரு "ம்". அதற்கப்புறம் "மீன் கெட்டுப்போகும்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு "ம்" போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படியுங்கள், பாதியில் எழுந்து வலையைப் பார்க்கப் போகாதீர்கள்.

சமையலறையில் இருக்கும் தவிட்டு ஊறுகாய்ப் பானையைத் தினமும் அடிவரைக்கும் கையைவிட்டுக் கிளறுகிறீர்களா? இந்தப் புழுக்கத்தில் ஒருநாள் விட்டாலும் புளித்துவிடும். அது என் மாமியார் கொடுத்த தவிடு, அதாவது உங்கள் அம்மா கொடுத்தது. கெட்டுப்போனால் பழி என்மேல் இல்லை. எதிர்வீட்டுக்காரி சாப்பாடு கொண்டுவந்தால் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள், இரண்டு மீனாவது போட்டுக் கொடுங்கள்.

மாப்பிள்ளை உங்களிடம் சொல்லிவிட்டார், நானும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிறந்தது. பெண். தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் "அப்படியா" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்தீர்களாம். "மாமா திட்டல, அத்தை. அதுவே பெரிய விஷயம்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்கிறார். எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறார் பாருங்கள். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மூன்று நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தீவிலிருந்து கப்பல் ஏறினேன். வந்து இரண்டு வாரம் ஆகப் போகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் ஊர் உலகத்தில் வழக்கம். நம் வீட்டில் தாய் பெண்ணைத் தேடிப் போயிருக்கிறாள். படகுத்துறையில் யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

நான் தங்கியிருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சயோரியின் வீடு ஒரே அறை. தொட்டிலைப் போட்டால் மாப்பிள்ளை மடங்கிக்கொள்ள வேண்டும். போதாததற்கு, மாப்பிள்ளை வீட்டில் நான் போய்ப் படுத்தேன் என்றால் அதற்கும் நீங்கள் ஒரு பேச்சு பேசுவீர்கள். அதனால் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் இந்த விடுதியைப் பிடித்தேன், வந்த அன்றே அதன் போன் நம்பரை உங்களிடம் சொன்னேனே, அதுதான். அந்தக் காலத்தில் கூலி ஆட்கள் தங்கிய கட்டடம். இப்போது பெயின்ட் அடித்து, முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு விடுகிறார்கள். மலிவு. பெண்கள் அறையில் எட்டுப் படுக்கை, மேலும் கீழுமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு. உங்கள் படகின் படுக்கும் அறையைவிட இது விசாலம், அதனால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாளே ஒரு கூத்து. புது இடத்துக்குக் குடிபோனால் அக்கம்பக்கத்தாருக்கு ஏதாவது கொடுத்து வணக்கம் சொல்ல வேண்டாமா? நம் கணவாய்க் கருவாட்டை ஏழு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொரு திரைக்கு வெளியிலும் மண்டிபோட்டு உட்கார்ந்து "பக்கத்துப் படுக்கைக்கு வந்திருக்கேன், தயவு வேணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். பாதிப்பேர் வெளிநாட்டுப் பெண்கள், என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க நம் துறைமுகத்து வாசனை. வரவேற்பு மேசைப் பெண் அகானே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியம்மா, இங்க ஒரு ராத்திரிதான் தங்குவாங்க, நாளைக்கு வேற ஆளு வரும். தினமும் கருவாடு குடுத்துக்கிட்டே இருப்பீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளைக்கு வந்தவள் குடிவந்தவள் மாதிரி ஏன் நடந்துகொண்டேன் என்று எனக்கே புரியவில்லை. மூன்று நாள் என்று உங்களிடம் சொன்னபோதே என் மனசு மூட்டையைப் பெரிதாகக் கட்டிவிட்டது போலிருக்கிறது.

அந்தக் கருவாட்டை ஒரு பிரேசில்காரப் பெண் மட்டும் முழுவதும் தின்றாள். மறுநாள் அவளே கழிப்பறைச் செருப்போடு அடுப்படிக்குள் வந்து நின்றாள். நான் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியிலிருந்து ஆண்கள் இறங்கி வந்தார்கள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதம். நான் சோறு வடிக்கிறேன், அவள் பாத்திரம் கழுவுகிறாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. உங்களோடு குடும்பம் நடத்திய பழக்கம் எனக்குக் கைகொடுக்கிறது.

அகானே இந்த ஊர்ப் பெண். வாய் நீளம், மனசு வெள்ளை. வெளியே கிளம்பினால் "போயிட்டு வாங்க" என்பாள், திரும்பினால் "வந்துட்டீங்களா" என்பாள். நம் வீட்டில் சயோரி போன பிறகு அந்த இரண்டு சொல்லையும் யார் சொன்னார்கள்? நீங்கள் வாசலில் நுழையும்போது நான் சொல்வேன், அதற்கும் "ம்" தான்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் அகானே என்னிடம் ஒரு வேடிக்கை சொன்னாள். தினமும் சாயங்காலம் ஒரு பெரியவர் விடுதிக்கு போன் பண்ணுகிறாராம். பெயர் யமானேயாம். அறை கேட்கிறாராம், ஆனால் எந்தத் தேதிக்கு என்றால் சொல்வதில்லையாம். முதல் நாள், "படுக்கை மேலயா கீழயா? கீழ்ப்படுக்கை இருக்கா? ஏணி ரொம்பச் செங்குத்தோ? முழங்கால் வலிக்காரங்க ஏறுவாங்களா?" என்று விசாரித்தாராம். அடுத்த நாள், "குறட்டை விட்டா வெளிய அனுப்பிடுவீங்களா?" என்றாராம். அதற்கடுத்த நாள், "அங்கேருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்கு நடந்து போற வழியில வெளிச்சம் உண்டா? ஒரு பொம்பள தனியா நடக்கலாமா?" என்றாராம். அகானேவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்தத் தாத்தாவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில என்ன வேலை பெரியம்மா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் நம்பவில்லை. வீட்டுத் தொலைபேசி அடித்தாலே முகம் சுளிக்கிற மனுஷர் வலியப் போய் ஒருவரைக் கூப்பிடுவாரா?

நேற்று அதே யமானே மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். "புதுசாப் பிறந்த பிள்ளைய அங்க கொண்டுவந்தா, பாக்க விடுவீங்களா?" என்று கேட்டாராம். கீழே கூடத்தில் தாராளமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரி என்று வைக்கப் போனவர், வைப்பதற்கு முன்னால் பழக்க தோஷத்தில், "எங்க வீட்டுக்காரி உங்க தயவுல இருக்கா. உபத்திரவம் குடுப்பா, பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாராம்.  சொன்னது உறைத்ததும் டொக்கென்று வைத்துவிட்டாராம்.

அகானே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கிறாள். "பெரியம்மா, உங்க வீட்டுக்காரருக்குத் திருடத் தெரியாது" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடையில் தொலைபேசிக்கு முன்னால் நின்று, யாரும் பார்க்காத இடத்தில், நீங்கள் குனிந்து வணங்கிக்கொண்டே அதைச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மனைவி தங்கியிருக்கிற இடத்தில் யாரிடம் பேசினாலும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் வைக்க நம் ஊர் ஆண்களால் முடியாது. பொய்ப்பெயர் வேண்டுமென்றால் நம் ஊரில் முடிவெட்டும் யமானேதான் கிடைத்தாரா? அவருக்கு இது தெரிந்தால் கத்தரிக்கோலோடு வருவார். நான் படுக்கைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாக அழுதேன். அந்தப் பிரேசில்காரி திரைக்கு அடியில் ஒரு மிட்டாயைத் தள்ளிவிட்டுப் போனாள்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியாததில்லை. ஒற்றைப் பெண். வீட்டோடு மாப்பிள்ளையாக ஒருவர் வந்து நம் குடும்பப் பெயரை ஏற்றுக்கொள்வார், படகும் பெயரும் நிற்கும் என்று இருந்தீர்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவரின் இரண்டாவது மகனையும் பேசி வைத்தீர்கள். அவள் தன் வீட்டுப் பெயரை விட முடியாத மூத்த மகன் ஒருவரைக் கட்டிக்கொண்டு அவர் பெயருக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. பிரசவத்துக்கு வரட்டுமா என்று அவள் கேட்டபோது, "எந்தப் பேருக்குப் போனாளோ அந்தப் பேருள்ள வீட்டுலயே பெத்துக்கட்டும்" என்றீர்கள். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு தப்பு. பெற்றவர் பேசுகிற பேச்சு இல்லை அது. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால் இதிலேயே சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை ஏழாம் நாள். அன்றைக்குப் பெயரெழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அவருடைய அம்மா எல்லாவற்றையும் மகனிடமே விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை நேற்று என்னிடம் வந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "குடும்பப் பேரு எங்க வீட்டுதா ஆயிடுச்சு, அத்தை. மாமாவுக்கு அது எவ்வளவு வலின்னு எனக்குத் தெரியும். கூப்பிடுற பேராச்சும் அவர் வீட்டுதா இருக்கட்டும். அவர் பேர்ல அலைன்னு அர்த்தம் வர்ற எழுத்து இருக்கே, அத எடுத்து அவரே ஒரு பேரு வைக்கணும். கேட்டுப் பாக்குறீங்களா?" என்றார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற பையன், நாளெல்லாம் ஆளில்லாத இருட்டில் தொங்கிக்கொண்டு யோசித்திருப்பார் போலிருக்கிறது. நீங்கள் தேடி வைத்த அந்த இரண்டாவது மகனுக்கு இப்படிச் சொல்லத் தோன்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஊரில் எந்தப் பிள்ளைக்கும் ஏழாம் நாள் பெயரெழுத உங்களைத்தானே கூப்பிடுகிறார்கள்? இதற்கும் எழுதுங்கள். ஆனால் எழுதித் தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். கோலா மீன் வருகிற காலம், படகை விட்டு வர முடியாது என்பீர்கள். கோலா அடுத்த வருஷமும் வரும். மழையில் கப்பல் ஆடும் என்று நீங்கள் சொன்னால் கப்பல்காரனே சிரிப்பான்.

அகானே இரண்டாவது மாடியில் இரண்டு பேர் அறை ஒன்றை எழுதி வைத்திருக்கிறாள், நம் பெயரில், யமானே பெயரில் இல்லை. கீழ்ப்படுக்கை உங்களுக்கு. குறட்டைக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எனக்கு அது இல்லாமல் இங்கே சரியாகத் தூக்கமும் இல்லை.

ஒரு விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வலி கடுமையானபோது நான் அவள் தலைமாட்டில்தான் நின்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வலி வந்தால் எந்தப் பெண்ணும் அம்மா என்றுதான் கத்துவாள். நான் உங்களைப் பெறும்போது... தவறாக எழுதிவிட்டேன், அவளைப் பெறும்போது நானும் அப்படித்தான் கத்தினேன். இவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள். கடைசி வலியில் மட்டும் வாயைத் திறந்தாள். "அப்பா" என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், என் கை அவள் கையில் இருக்கிறது, "அப்பா, அப்பா" என்கிறாள். தாதி திரும்பி வாசலைப் பார்த்தாள், அப்பா வெளியே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் பிள்ளை பிறந்துவிட்டது.

அவளிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கூப்பிட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நீங்களும் கேட்காதீர்கள். வந்து நில்லுங்கள், போதும். பேச ஒன்றும் வராவிட்டால் "ம்" என்றே சொல்லுங்கள். அவள் உங்கள் மகள், அவளுக்கு அது புரியும்.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏறிவிடுங்கள். கூப்பிட்டவளுக்கு இன்னும் பதில் போகவில்லை.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
யசுயோ