இரண்டு கரண்டி எண்ணெய்

ஜெலாப்பாங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுகுமாரனுக்கு அம்மா எழுதுவது. நீயும் ஷர்மினியும் பெர்த்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கோகிலன் உன் கூட்டாளி, நீ கொண்டுவந்த மாப்பிள்ளை. அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

உன் தங்கச்சி தினேஸ்வரிக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம் ஆகிறது. உடம்பு பெருத்துவிட்டாள் என்று அவன் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தான். நூறு கிராம் எண்ணெயில் தொள்ளாயிரம் கலோரி, நூறு கிராம் உருளைக்கிழங்கில் எண்பதுகூட இல்லை. வேளைக்கு இரண்டு அவித்த கிழங்கு, அவ்வளவுதான் அவள் சாப்பாடு. எண்ணெய்ப் போத்தலில் பேனாவால் கோடு போட்டுவிட்டு வேலைக்குப் போவான், கோடு இறங்கியிருந்தால் அடி. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டேன். அந்தக் கணக்கு சரிதானாம், ஆனால் பால் கொடுக்கிற பெண்ணுக்கு இது பட்டினி என்று என்னைத்தான் திட்டினாள். திட்டட்டும். இரண்டு மாதத்துக்கு முன்பே உன் தங்கச்சி என்னிடம் அழுதாள், கொஞ்சம் பொறுத்துக்கோடி, உன் நல்லதுக்குத்தானே சொல்றாரு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை சொல்லாமல் தாப்பாவுக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை அய்யா. பால் வற்றி, பிள்ளை தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தது. நான்தான் கிழங்கை அரிந்து, குவாலிச் சட்டியில் இரண்டு பெரிய கரண்டி எண்ணெய் ஊற்றினேன். "வேணாம்மா, அவரு வந்துருவாரு லா" என்று கையைப் பிடித்தாள். வந்தேவிட்டான். நேரே போத்தலைத் தூக்கிப் பார்த்தான். "நான் ஊத்துனது தம்பி, என்னைக் கேளு" என்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு கரண்டி எண்ணெ ஒரு முழு கெழங்குக்குச் சமம்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று கேட்டுக்கொண்டே அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து, வலது கையைக் காய்ந்த எண்ணெயில் வைத்து அழுத்தினான்.

சம்பல் இடிக்கிற கல் உலக்கைதான் என் கைக்குக் கிடைத்தது. அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அவளை விட்டுவிட்டுக் கீழே விழுந்தான். அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை, முழங்காலில் இன்னொன்று போட்டேன். முதல் அடி அவளை விடுவிக்க. இரண்டாவது எனக்கு வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு சக்கீனா ஓடிவந்து, வெந்த கையைக் குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் பிடித்திருந்து, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தொடைத் தோலை எடுத்து விரல்களில் ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு விரல் மடங்காது என்கிறார்கள்.

போலீஸில் அவன் என்மேல் ரிப்போர்ட் கொடுத்தான், உன் தங்கச்சி அவன்மேல் கொடுத்தாள். ரிப்போர்ட் எழுதிய சார்ஜன்ட் நல்ல பெண், "பயத்துல அடிச்சிட்டீங்க, அப்படித்தானே அக்கா" என்று எடுத்துக் கொடுத்தாள். ஒன்று பயத்தில், ஒன்று கோபத்தில் என்று சொன்னேன். அப்படியே எழுதச் சொன்னேன். என்ன வந்தாலும் வரட்டும்.

இப்போது தாயும் பிள்ளையும் என்னோடுதான். வியாழக்கிழமை அவன் கேஸ் கோர்ட்டுக்கு வருகிறது. "நீங்க உள்ள வர வேணாம்மா, நானே சொல்லிக்கிறேன்" என்கிறாள். நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருப்பேன். அவன் ஜாமீனில் வந்துவிட்டான், உனக்குப் போன் பண்ணுவான். எடுக்காதே. தங்கச்சிக்குப் பண்ணு, ஆறுதல் எதுவும் சொல்லாதே, அவள் பேசுவதை மட்டும் கேள்.

எல்லாம் வல்ல முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஷர்மினியிடம் சாப்பிட்டாயா என்று கேள். என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் ஒரு நாளும் கேட்காதே.

உன் அம்மா,
நவமணி