மூக்கு வழியே போன முட்டை

கான் தோ நகரிலிருந்து

அன்புள்ள ஹான்,

நான் நலம். உன் அப்பாவும் நலமடைந்துகொண்டிருக்கிறார், வழக்கம்போல் அவசரப்படாமல். அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். அவர் நாக்கின் அடியில் இருந்த புற்றை வெட்டியெடுத்த பிறகு கழுத்துத் தையல் ஒரு மூலையில் விட்டுப்போய், உமிழ்நீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து கட்டுத்துணியை நனைத்துக்கொண்டே இருந்தது. துளை மூடாமல் கதிர்வீச்சைத் தொடங்க முடியாது, அது தள்ளிப்போனால் புற்று திரும்பக்கூடும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். மூக்குக் குழாயில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அரிசிக் கஞ்சியும் கேரட் சாறும் என்றேன். "அதை வச்சு எந்தப் புண்ணும்மா ஆறும்? சதை வளர வேண்டாமா? முட்டையும் மாட்டிறைச்சியும் அரைச்சுக் குடுங்க" என்றார்.

கஞ்சியோ அப்பாவின் தங்கை, உன் தாம் அத்தையின் ஆட்சி. வெட்டுக்காயம் உள்ளவர் முட்டை தின்றால் தழும்பு வெளுக்கும், மாட்டிறைச்சி தின்றால் கறுக்கும், கோழி தின்றால் சீழ் பிடிக்கும் என்பது அவள் சட்டம். எழுபத்திரண்டு வயதுக் கழுத்தை எந்தப் பெண் பார்க்கப்போகிறாள் என்று கேட்டேன். "நீங்க காலேஜு படிச்சவங்க அண்ணி, உங்களுக்கு எல்லாம் கேலிதான். எங்கண்ணன் கழுத்து எனக்கு முக்கியம்" என்றாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். மருந்தியல் படித்த நீயும் தொலைபேசியில் முட்டையைத் தொடாதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேச முடியாத மனிதர் சிலேட்டில் "ஹானே சொல்லிட்டா" என்று எழுதி, வெற்றிக்கொடியைப் போல என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் வாதாடவில்லை. சாப்பிடுவது என்றால் வாயில் போட்டு மென்று விழுங்குவதுதானே, குழாயில் போவது நாக்கிலும் படாது, காயத்திலும் படாதே என்று மட்டும் அத்தையிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "மூக்குல போறது சாப்பாட்டுக் கணக்குல வராதுதான்" என்று தீர்ப்பளித்தாள். அன்று முதல் முட்டையையும் மாட்டிறைச்சியையும் வேகவைத்து, அரைத்து, இருமுறை வடிகட்டிக் கொடுப்பவள் அவளே. நான் அரைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளுமாம். சிகரெட்டோடு பார்க்க வந்த அப்பாவின் நண்பர்களை விரட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

நேற்று நீல நிறத் தண்ணீரை விழுங்கவைத்துச் சோதித்தார்கள்; துளை மூடாதிருந்தால் கழுத்துக் கட்டில் நீலம் கசியுமாம். நாங்கள் இருவரும் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது வெள்ளையாகவே இருந்தது. அத்தை அழுதாள், நான் துணியை மடித்துவைத்தேன். திங்களன்று கதிர்வீச்சு தொடங்குகிறது. அதில் வாய் புண்ணாகும், அதுவரை உடம்பைத் தேற்றுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வாய் வழியாகவும் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. அப்பா உடனே சிலேட்டில் "முட்டை?" என்று எழுதினார். "வாயாலயா? தழும்பு வெளுத்துடும்ண்ணே!" என்று அத்தை சிலேட்டையே பிடுங்கிவிட்டாள்.

தழும்புக்கான களிம்பு எதையும் அனுப்பாதே. நீங்கள் இருவரும் நோயின்றி, ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நெடுநாள் வாழ என் ஆசி. ஞாயிற்றுக்கிழமை மறவாமல் கூப்பிட்டு, முட்டையை வாயாலும் சாப்பிடலாம் என்று அப்பாவிடம் சொல். அத்தையும் பக்கத்தில் இருக்கும்போது சொல். நான் சொன்னால் அது படித்தவளின் திமிர். நீ சொன்னால் அவர் சிலேட்டில் எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
உன் அம்மா