அறுபத்து நாலுக்குக் கீழே

ஜன. 21, புதன்
காலையில் பனி. தோப்புக்கு அந்தப் பக்கம் மலையே தெரியவில்லை. இரண்டு குதிரைகளையும் இருபது கி.மீ. ஓட்டிப் பார்த்தாயிற்று. நின்று பத்து நிமிடம் கழித்து நாடித்துடிப்பு:
ராஜா – 82
சிட்டு – 58

ஞாயிறு, காங்கேயம் பக்கம் நெடுந்தூரச் சவாரிப் போட்டி. நாற்பது கி.மீ. ஓடி முடித்தால் மட்டும் போதாது. இருபது நிமிடத்துக்குள் துடிப்பு 64க்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கால்நடை டாக்டர் வெளியே அனுப்பிவிடுவார். ராஜா, ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட். உயரம், பெரிய சதை, ஏறின சூடு லேசில் இறங்காது. சிட்டு கத்தியவார் இனம். மெலிந்த உடம்பு, கல் மாதிரி குளம்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அண்ணனுக்கு இருக்கிறது. ராஜா அவர் ஆசையாக வாங்கியது. "ரேக்ளா வண்டி இழுத்த குட்டைக் குதிரைல போயி நின்னா நாலு பேரு சிரிப்பாங்க அம்மிணி."

ஜன. 22
கொள்ளு தீர்ந்துவிட்டது. லாடம் – நாளை காலை.
போட்டிக்கு அண்ணன் ராஜாவின் பெயரைக் கொடுத்திருந்தார்; மாற்ற இன்றே கடைசி. அண்ணனைக் கேட்காமல் சிட்டுவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

ஜன. 24, சனி
இரண்டு நாளாக அண்ணன் பேசவில்லை. தோற்றால் வீட்டில் தலைகாட்ட முடியாது.
எடுத்து வைக்க: ஸ்டெதஸ்கோப், ஸ்பான்ஜ், உப்புக் கரைசல், ஆறு குடம் தண்ணீர்.
சிட்டுவை விற்ற பல்லடத்துக்காரர் போனில் வாழ்த்தினார். "ஒரு விசில் அடிச்சாப் போதுமுங்க, பறந்துபோடும்." ரேக்ளாவில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேன். இது அந்த ஓட்டம் இல்லையே.

ஜன. 25, ஞாயிறு
நல்ல வெயில். நாற்பதையும் நொண்டாமல் முடித்தாள் சிட்டு. அண்ணி தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் எண்ணினேன். பத்தாம் நிமிடம் 72. பதினைந்தில் 66. பதினேழில் 62. டாக்டரிடம் நடத்திப் போனேன்.

அப்போதுதான் வேன் வந்தது. சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர், முன்னால் அண்ணன். வரவே மாட்டார் என்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

சிட்டு தலையைத் தூக்கினாள். முன்னங்கால் துள்ளியது. டாக்டர் எண்ணியபோது 76. மிச்ச நேரத்தில் இறங்கவில்லை. வெளியே.

இனத்தை அலசி அலசிப் பார்த்தவள் நான்தான். அவள் எங்கே, எப்படிப் பழகினாள் என்பதை விட்டுவிட்டேன்.

அண்ணன் அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். "நல்ல குதிரைதான் கண்ணு. கடைசில ஏன் அப்படி ஏறிப்போச்சு?"

"வெயிலுங்ணா" என்றேன்.