அப்பா பிரித்த உறை

ஜனக்புரி, புது தில்லி
18 டிசம்பர் 2003

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். அப்பாவின் பிரஷர் நேற்றுப் பார்த்ததில் சரியாகத்தான் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை கதிரவனும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் மனசில் கோபத்தை வைத்துக்கொண்டு மேலுக்கு நலம் விசாரிக்க எனக்கு வராது. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். போனில் கத்தலாம் என்றால் உன் காலிங் கார்டு தீர்ந்து பாதியில் கட்டாகிவிடும், அதனால்தான் காகிதம். தமிழ்ப் பள்ளியில் படித்தும் நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி, மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லாதே. இது உனக்கு எழுதியது.

அப்பா செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. காலேஜில் உனக்கு சைக்காலஜி எடுத்த சுஷ்மா மேடம், பாவம், சிபாரிசுக் கடிதம் எழுதி, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதைப் பிரிக்காமல் உனக்கு அனுப்ப வேண்டியது ஒன்றுதான் வேலை. நான் அன்றைக்குப் பார்த்து விசாலாக்ஷி சித்தி மகளின் வளைகாப்புக்காக ஃபரீதாபாத் போய்விட்டேன். இவர் ஆயுசெல்லாம் சர்க்கார் ஃபைலோடு குடும்பம் நடத்தியவர் ஆயிற்றே, ஒரிஜினலை வீட்டை விட்டு வெளியே அனுப்ப மனசு வருமா? உறையைப் பிளேடால் நறுவிசாகக் கீறி, கடிதத்தை எடுத்து ஜெராக்ஸ் போட்டு, பழைய ஆபீசுக்கு பஸ் பிடித்துப் போய், ஒரு காலத்தில் இவருக்குக் கீழே இருந்து இப்போது கெஜட்டட் ஆபீசராகிவிட்ட வாசுதேவனிடம் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திப் பச்சை மையில் கையெழுத்து வாங்கி, மூலையில் ஃபைல் கட்டுகிற டேக் கயிறு கோத்து உனக்கு கூரியரில் போட்டுவிட்டார். ஒரிஜினல் எங்கே என்றால் காட்ரெஜ் பீரோவில், உன் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறதாம்! பிரித்த கடிதத்தை யூனிவர்சிட்டி தொடாது என்று நீ சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். கூரியர் கவரைத் திறந்து டேக்கைப் பார்த்ததும் உனக்கு ரத்தம் கொதித்திருக்கும், நியாயம்தான். உன்னைவிட நான்தான் அவரை அதிகம் திட்டினேன். ஆனால் பேச்சு வராதவர்களுக்குப் பேச்சு வரவழைக்கிற படிப்புக்கு நான் விண்ணப்பம் போடவில்லையே மது, நீதானே போடுகிறாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் கத்தி முடித்த பிறகு அப்பா கையை நீட்டி ரிசீவரைத் தானே கேட்டு வாங்கினார். பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து இந்த வீட்டில் போன் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மனிதர் அவர். அவராகக் கேட்டு வாங்கினார் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாதா? உதட்டைக் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்க, ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். உன் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. “விடுங்கப்பா, நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க, அதான சொல்ல வர்றீங்க, சரி, அம்மாகிட்ட குடுங்க” என்றாய். அவ்வளவுதான், ஜல்தி ஜல்தியாக அவருடைய பேச்சையும் நீயே பேசி முடித்துவிட்டாய். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் நீ என்னிடம் சொல்கிறாய், இந்த வருஷம் விட்டுடறேம்மா, இவரும் அடுத்த வருஷம் பாத்துக்கலாங்கறார் என்று. மாப்பிள்ளை மேல் எனக்கு வருத்தமில்லை, நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவர் வேறென்ன சொல்வார்.

உனக்கு மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண், உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு இது என்ன அங்கிள் என்று கேட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்பா தவித்த தவிப்பைப் பார்க்க முடியாமல் நான் டம்ளர் என்று சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே என்னை வெளியே அனுப்பினாள். கோபித்தது நீதான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் என்னைப் பிடித்துத் தின்றாய். “நீ ஏம்மா சொல்லிக் குடுக்கற, அவருக்கு வரும், வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கறதுதான் இதுல பாதி வேலையே” என்று சொன்னவள் யார்? அன்றைக்குத்தான் இதையே படிக்கப் போகிறேன் என்றாய். நான்கூட என்னடா இது, பாங்க் பரீட்சை எழுதாமல் இப்படி ஒரு படிப்பா என்று முணுமுணுத்தேன். அப்பாதான் கட்டிலில் படுத்தபடி எனக்குக் கையைக் காட்டி அடக்கினார். இப்போது அவருக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டபோது அந்தப் பாதி வேலை எங்கே போயிற்று? நாளைக்கு அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை திக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பாய், பெற்ற அப்பாவுக்கு மட்டும் பொறுமை கிடையாதா?

ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பிறகு அவர் இந்த வீட்டில் வாயே திறக்கவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையாட்டல், சாதம் போதுமா என்றால் கை. நானும் வீம்பாக விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். ஆணியில் மாட்டியிருந்த கோட்டையும் குரங்குக் குல்லாவையும் காணோம், வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் பனி. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மார்க்கெட், பார்க் எல்லாம் தேடினார். மத்தியானம் சுஷ்மா மேடம் போன் செய்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் இங்கே வந்திருந்தார், இப்போதுதான் பஸ் ஏற்றிவிட்டேன் என்றார். காலேஜில் மேடத்தின் அறை வாசலில் மாணவிகள் வரிசையாக நின்றிருக்கிறார்கள், இவரும் வரிசையில் நின்று, முறை வந்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “ஏக்... அவுர்... சிட்டி. பேட்டி... கே லியே” என்றாராம். இன்னொரு கடிதம் வேண்டும், மகளுக்காக. பக்கவாதத்துக்குப் பிறகு காய்கறிக்காரனிடம்கூட ஹிந்தியில் ஒரு வார்த்தை பேசாதவர். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்களா என்று நான் கேட்டேன். ஒருத்தி சிரித்தாளாம், மேடம் அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாளாம். அவர் முடிக்கிற வரைக்கும் நான் பேசவில்லை, நேரமானால் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன் என்றார். அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டு எனக்கு உன் மேல் இன்னும் கோபம் வந்தது.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமலே கோட்டுக்குள்ளிருந்து உறையை எடுத்து சாமி அலமாரியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “போன்ல... இதத்தான்... சொல்ல வந்தேன். நானே... போயி... வாங்கிட்டு வர்றேன்னு” என்றார். கேட்டாயா? நல்லது நினைத்துச் செய்தேன் என்று அவர் சொல்லவே வரவில்லை. நீயாக ஒன்றை அவர் வாயில் திணித்துவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய்.

இதோடு பிளாஸ்டிக் கவருக்குள் அந்த உறை இருக்கிறது. ஒட்டியது ஒட்டியபடி, மேடத்தின் கையெழுத்தோடு. நான் தொடவில்லை, அப்பா அதன் பக்கத்தில்கூட பிளேடைக் கொண்டுபோகவில்லை. ஜனவரி நடுவில்தான் கடைசித் தேதி என்று நீதான் சொன்னாய். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பேச்சை இனிமேல் நான் கேட்கத் தயாராயில்லை. அனுப்பு. இடம் கிடைக்கிறது, கிடைக்காமல் போகிறது, அது வேறு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல அப்பளமும் சுண்டைக்காய் வற்றலும் வந்திருக்கிறது, வாங்கி வைத்தேன், கூரியர்காரன் காகிதம் மட்டும்தான் எடுப்பேன் என்கிறான். பனியில் காதைக் கட்டிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. என் கோபம் என்னோடு இருக்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டும், நீ எடுத்த காரியம் கைகூட வேண்டும்.

இதை மட்டும் மறக்காதே. கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். இந்தத் தடவை அப்பாதான் எடுப்பார், பாத்ரூமுக்குப் போகமாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். ஹலோ வரவே நேரமாகும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, கார்டு தீர்ந்தால் இன்னொரு கார்டு வாங்கு. இரண்டு நாளாக பால்கனியில் நின்று உனக்காக ஏதோ ஒன்றைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். என்னவென்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. அவர் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு கேள். கேட்டுவிட்டு அப்புறம் எனக்குச் சொல்.

உன் மேல் கோபம் தீராத,
அம்மா வள்ளி ஜோதிலிங்கம்